‘டாக்டரம்மா’ என்று அழைக்கும்போது கூச்சமாக இருக்கிறது

கேள்வி: மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, சொந்த மாவட்டத்திலேயே சேர்ந்தவள். அப்பா விசைத்தறித் தொழிலாளி. வார்டில் வயதானவர்கள் என்னை ‘டாக்டரம்மா’ என்று கும்பிட்டு அழைக்கும்போது ஏமாற்றுகிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது. டாக்டர் வீட்டுப் பிள்ளைகளான வகுப்புத் தோழர்கள் இப்போதே டாக்டர்களைப் போலப் பேசுகிறார்கள். ஊருக்குப் போனால் தெருவில் உள்ளவர்கள் மாத்திரை எழுதித் தரச் சொல்கிறார்கள். சென்ற மாதம் இன்டர்னல் தேர்வுக்கு முன்னால் ஒரு மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு சுருக்கம்) நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிப் போனபோது, ‘நல்ல கேஸ் போயிடுச்சே’ என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. முதுநிலைப் படிப்பு படிக்கும் ஒரு பி.ஜி. சார் ஒரு பாட்டியை எல்லோர் முன்னாலும் திட்டியபோதும் வாய் திறக்காமல் நின்றேன். ‘உன் பேச்சே மாறிடுச்சு’ என்கிறார் அம்மா. நான் டாக்டராகிக்கொண்டு இருக்கிறேனா, அல்லது நல்ல குணத்தை இழந்துகொண்டு இருக்கிறேனா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

நல்ல கேஸ் போய்விட்டதே என்று நீங்கள் வருந்திய அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்கான விடையும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு பெண் மூச்சுத்திணறல் குறைந்து, நடக்க முடிந்து, பேருந்து ஏறி வீட்டுக்குப் போவது அவருக்கும் அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவக் குழுவான யூனிட்டுக்கும் நல்ல செய்தி. அதே நேரத்தில் ஒரு நோயாளியை விரிவாகப் பரிசோதித்துச் சொல்லும் ‘லாங் கேஸ்’ தேர்வுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த மாணவிக்கு அது இழப்பு. இரண்டும் ஒரே படுக்கையில் நிகழ்வதுதான் மருத்துவப் படிப்பின் அமைப்பு. உங்கள் வாயில் வந்த சொல் அந்த அமைப்பிலிருந்து வந்தது. தூக்கம் வராமல் போனது உங்கள் நல்ல குணத்திலிருந்து வந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இதை வெறும் ஆறுதலாகச் சொல்லவில்லை. 1950-களில் அமெரிக்காவின் கான்சாஸ் மருத்துவக் கல்லூரியில் ஹோவர்டு பெக்கர், பிளான்ஷ் கீர் முதலான சமூகவியலாளர்கள் மாணவர்களுடனேயே வகுப்புக்கும் வார்டுக்கும் சென்று பார்த்து எழுதிய ஆய்வில், சேவை செய்ய வேண்டும் என்று வந்தவர்கள் சில மாதங்களிலேயே ‘தேர்வில் என்ன கேட்பார்கள்’ என்பதையே எண்ணத் தொடங்குவதையும், நோயாளிகளைப் படிப்புக்குப் பயன்படும் அளவை வைத்து மதிப்பிடுவதையும் பதிவு செய்தார்கள். ஆனால் அந்த மாணவர்களின் இலட்சியம் செத்துவிட்டது என்ற முடிவுக்கு அவர்கள் வரவில்லை. கல்லூரி என்ற சூழலைச் சமாளிப்பதற்காக அது ஒதுக்கி வைக்கப்படுகிறது என்றும், படிப்பு முடியும் தறுவாயில் நடைமுறை அறிவோடு சேர்ந்து மீண்டும் தலைதூக்குகிறது என்றும்தான் சொன்னார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2009-ல், பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் முகமதுரெசா ஹோஜத்தும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு இதைவிடக் கவலை தருவது: மாணவர்களின் பரிவு உணர்வு மூன்றாம் ஆண்டில், அதாவது அங்கே முழுநேரமாக வார்டுக்குள் நுழையும் ஆண்டில், குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்த அளவீடு மாணவர்கள் தாமே நிரப்பிய வினாத்தாளை நம்பியது. படுக்கை அருகே அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அது அளக்கவில்லை. ஆகவே அதை உங்கள் தலைவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சரிவு எந்த இடத்தில் தொடங்கக்கூடும் என்பதை இந்த ஆய்வுகள் சரியாகவே காட்டுகின்றன, நீங்கள் இப்போது நிற்பதும் அந்த இடத்தில்தான்.

அந்த மைட்ரல் ஸ்டெனோசிஸ் நோயாளியையே எண்ணிப் பாருங்கள். மர்மரை, அதாவது இதயத்தின் இரைச்சல் ஒலியை, கேட்க வேண்டுமானால் அவர் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு நிறுத்த வேண்டும். ஸ்டெதஸ்கோப்பின் பெல் பகுதியை இடது மார்புக்குக் கீழே மெல்ல வைக்க வேண்டும். மூச்சு வாங்குகிறது என்று வந்து சேர்ந்த ஒருவரிடம், மூச்சை நிறுத்துங்கள் என்று ஒரு காலைப்பொழுதில் பத்து மாணவர்கள் பத்து முறை கேட்கிறார்கள். முதல் மாணவர் திரையை இழுத்துவிடுகிறார். நான்காவது மாணவர் வரும்போது திரை பாதி திறந்துகிடக்கிறது. எட்டாவது மாணவர் புடவைத் தலைப்பை விலக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பதில்லை, ஏனென்றால் ஏழு பேர் ஏற்கெனவே விலக்கியாயிற்று. இதில் கெட்டவர் என்று யாரையும் சுட்ட முடியாது. ஆனால் இந்தப் பத்துப் பேரும் அந்த அரைமணி நேரத்தில் மர்மரை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. நோயாளியின் உடம்பு தங்கள் வசதிக்காகக் கிடக்கும் ஒன்று என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள். எட்டாவது ஆளாக நின்றாலும் திரையை மறுபடி இழுத்துவிட்டு, ‘கை வெச்சுப் பார்க்கட்டுங்களாம்மா, மூச்சு வாங்குச்சுன்னா சொல்லுங்க, நிறுத்திக்கலாம்’ என்று கேட்டு, அவர் களைத்திருந்தால் ‘அப்புறம் வர்றேனுங்க’ என்று நகர்ந்துவிடுகிற மாணவி வேறொன்றைக் கற்றுக்கொள்கிறார். மர்மர் அவருக்கு மறுநாள் கேட்கும்.

வகுப்பில் சொல்லித்தராத, ஆனால் வார்டின் நடைமுறை வழியாக ஊறிப்போகிற இந்தப் பாடத்தை ‘மறைமுகப் பாடத்திட்டம்’ என்று மருத்துவக் கல்வித் துறையில் சொல்கிறோம். பிரெடரிக் ஹாபர்ட்டியும் ரொனால்டு பிராங்க்ஸும் 1994-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. நம் நாட்டில் 2019-ல் சேர்ந்த மாணவர்கள் முதல் ‘ஏட்காம்’ என்ற பெயரில் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கான பாடப்பகுதி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. மருத்துவராக இருப்பது என்றால் என்ன, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்ற இரண்டு கேள்விகளோடு முதலாண்டில் அது தொடங்குவதும், உடற்கூறியல் கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கும் உடலை முதல் ஆசிரியராகக் கருதச் சொல்வதும் எனக்குப் பிடித்தமானவை. ஆயினும் மதியம் ஏட்காம் வகுப்பில் கேட்டதை மறுநாள் காலை ரவுண்ட்ஸ் பத்து நிமிடத்தில் அழித்துவிடும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். லாக் புக்கில் கையெழுத்து மட்டும் மிஞ்சும்.

விழாக்களைப் பற்றியும் எனக்கு இதே கருத்துதான். வெள்ளைக் கோட் அணிவிக்கும் விழா 1993-ல் நியூயார்க்கின் கொலம்பியா மருத்துவக் கல்லூரியில், ஆர்னால்டு கோல்டு என்ற குழந்தை நரம்பியல் மருத்துவரின் முயற்சியால் தொடங்கியது. பட்டம் பெறும் நாளில் உறுதிமொழி எடுப்பது நான்கு ஆண்டுகள் தாமதம் என்று அவர் நினைத்தார். நல்ல எண்ணம்தான். இன்று நம் கல்லூரிகளிலும் பெற்றோரை அழைத்து அந்த விழா நடக்கிறது. புகைப்படங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்படுகின்றன. ஆனால் கோட் போட்ட நாளில் யாரும் மருத்துவர் ஆகிவிடுவதில்லை. கோட் போட்டுக்கொண்டு, உள்ளே இன்னும் ஆகவில்லையே என்று கூசுவது, போட்ட உடனே ஆகிவிட்டதாக நம்புவதைவிட நோயாளிக்குப் பாதுகாப்பானது.

இனி ‘டாக்டரம்மா’ என்ற அழைப்புக்கு வருகிறேன். ஏமாற்று என்பது நீங்கள் யார் என்பதை மறைத்தால்தான் உண்டு. முதல்முறை படுக்கை அருகே போகும்போதே, ‘நான் மூணாம் வருஷம் படிக்கிற பொண்ணுங்க, படிப்புக்காக உங்ககிட்ட கொஞ்சம் கேட்டுக்கட்டுங்களா, வேண்டாம்னா பரவாயில்லைங்க, உங்க வைத்தியத்துல ஒண்ணும் குறையாது’ என்று சொல்லிவிடுங்கள். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் படுத்திருக்கும் பலர், மாணவர்களுக்கு மறுப்புச் சொன்னால் சிகிச்சை கெட்டுவிடும் என்ற பயத்தில்தான் தலையாட்டுகிறார்கள். இவ்வளவு சொன்ன பிறகும் அவர் ‘சரிங்க டாக்டரம்மா’ என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டிருந்தால் அது அவருக்குத்தான் சங்கடம்.

அழைப்பைவிடக் கடினமானது அடுத்து வரும் கேள்வி: ‘எனக்கு நல்லாயிருமுங்களா?’ மூன்றாம் ஆண்டு மாணவியிடம் அதற்குப் பதில் இருக்காது. இருந்தாலும் சொல்லும் இடத்தில் அவர் இல்லை. இங்கே மாணவர்கள் இரண்டு வழிகளில் தப்பிக்கிறார்கள். ஒன்று, ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லிவிட்டு நகர்வது. மற்றது, காதில் விழாததுபோல் கேஸ் ஷீட்டைப் புரட்டுவது. ‘எனக்குத் தெரியலைங்க, டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்’ என்று சொல்லி, உதவிப் பேராசிரியரான ஏ.பி.யிடமோ பி.ஜி.யிடமோ கேட்டு, அல்லது அவர்களையே படுக்கைக்கு அழைத்துவந்து, வருகிறேன் என்று சொன்னபடி திரும்பி வந்து நின்றால், அந்த நோயாளி விஷயத்தில் அன்று நீங்கள் மருத்துவரின் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிட்டீர்கள். என்னுடைய பார்வையில் மருத்துவர் என்ற தன்னுணர்வு வேறெதிலிருந்தும் அவ்வளவு உறுதியாக வருவதில்லை. ஒருவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியவள், நான் போகாவிட்டால் அவர் காத்துக்கொண்டிருப்பார் என்ற நிலை வந்தால்தான் அது உள்ளே இறங்குகிறது. அறிவு அதற்கு வேண்டும். அறிவு மட்டும் அதைக் கொண்டுவராது.

மருத்துவக் கல்வி ஆய்வாளர்களும் சுற்றி வளைத்து இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஜார்ஜ் மில்லர் 1990-ல் ஒரு கூம்பு வரைந்தார்: அடியில் தெரிந்திருத்தல், அதன்மேல் எப்படிச் செய்வது என்று தெரிந்திருத்தல், அடுத்துச் செய்து காட்டுதல், உச்சியில் நடைமுறையில் செய்தல். 2010-ல் வெளிவந்த கார்னகி அறக்கட்டளை அறிக்கை, மருத்துவர் என்ற அடையாளம் உருவாவதையே கல்வியின் முக்கிய இலக்குகளில் ஒன்றாக வைத்தது. அதன்பின் 2016-ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு குரூஸ், சில்வியா குரூஸ், இவோன் ஸ்டெய்னர்ட் மூவரும் மில்லரின் கூம்புக்கு மேலே இன்னொரு படியைச் சேர்த்தார்கள்: மருத்துவராகவே இருத்தல். மருத்துவரைப் போல நடந்துகொள்வது, மருத்துவரைப் போலவே எண்ணி உணர்ந்து நடப்பதாக மெல்ல மெல்ல மாறுகிறது என்பது அவர்கள் வாதம். ஆகவே இப்போது நடிப்பதுபோல் தோன்றுவதில் தவறில்லை. எல்லோரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். யாரைப் பார்த்து நடிக்கிறீர்கள் என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் உங்களை முந்திவிட்டதாகத் தோன்றுவதும் இதனால்தான். சாப்பாட்டு மேசையிலேயே வார்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நடையும் தொனியும் சொற்களும் முன்பே கிடைத்துவிடுகின்றன. அது ஒரு வசதி, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்; கேஸ் பிரசண்டேஷனில் ஆங்கிலம் தடையில்லாமல் வருவதும் அப்படித்தான், அதை நீங்கள் பயிற்சியால் அடைந்தாக வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் உங்கள் வார்டில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் தெருவில் இருக்கிறவர்கள் மாதிரிதான். தறி ஓட்டுகிறவர் இரவு ஷிப்டில் எப்போது சாப்பிடுவார், சர்க்கரை மாத்திரையை எந்தச் சாப்பாட்டோடு போடுவார், ஒரு நாள் ஓ.பி.க்கு வந்தால் எவ்வளவு கூலி போகும் என்பதெல்லாம் உங்களுக்குக் கேட்காமலே தெரியும். ‘மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் ஒற்றை வரியில் முடிந்துபோகிற ஒன்றை, ஏன் எடுக்கவில்லை என்பதோடு சேர்த்து யூனிட்டில் சொல்ல உங்களால் முடியும். பேசும் தமிழை வெட்கப்பட்டு மாற்றிக்கொள்ளாதீர்கள். கொங்குத் தமிழில் கேட்கும் ஹிஸ்டரியில் (நோய் விவரத்தில்) பொய் குறைவாக இருக்கும்.

தெருவில் மாத்திரை கேட்பவர்கள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தேர்ச்சி பெற்றபின் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாய உள்ளிருப்புப் பயிற்சிக்காக மருத்துவக் கவுன்சிலில் கிடைப்பதுகூடத் தற்காலிகப் பதிவுதான். பயிற்சி முடிந்து நிரந்தரப் பதிவு வரும்வரை சொந்தப் பொறுப்பில் வைத்தியம் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை. அதைச் சட்டமாகச் சொன்னால் ‘படிச்சுட்டு ரொம்பப் பண்றா’ என்பார்கள். சித்தப்பா மாத்திரை எழுதச் சொன்னால், ‘எழுதக் கூடாதுங்க சித்தப்பா, ஆனா நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போலாம், நானும் கூட வர்றேன்’ என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கூடப் போங்கள். மருந்துச் சீட்டை வாங்கி எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று விளக்கிச் சொல்வதும், நெஞ்சுவலி என்றால் வாய்வு என்று விடாமல் உடனே 108-க்கு அழைக்கச் சொல்வதும் இன்றைக்கே உங்களால் ஆகும். சில கிராமத்துக் குடும்பங்களின் உடல்நலத்தை மாணவர் தொடர்ந்து கவனிக்கும், உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். பலர் அதைக் கிராமத்துக்குப் பேருந்தில் போய்ப் படிவம் நிரப்பி வரும் வேலையாகவே முடித்துவிடுகிறார்கள். பொறுப்பைப் பழகிக்கொள்ள எம்.பி.பி.எஸ். மாணவருக்குக் கிடைக்கும் மிகச் சில வாய்ப்புகளில் ஒன்று அது. அந்த வீட்டில் போன முறை 160 இருந்த ரத்த அழுத்தம் இந்த முறை என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு உங்களைத் தவிர வேறு ஆள் இருக்கமாட்டார்.

பாட்டியைத் திட்டிய பி.ஜி. பற்றி. அந்த இடத்திலேயே நீங்கள் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். படிநிலை கெட்டியாக உள்ள ஒரு யூனிட்டில் மூன்றாம் ஆண்டு மாணவியிடம் அதை எதிர்பார்ப்பது எழுதுகிறவருக்கு எளிது. அவர் முந்தின நாள் காலையிலிருந்து டியூட்டியில் இருந்திருக்கலாம். அது காரணமே தவிர நியாயம் ஆகாது. ஆனால் ரவுண்ட்ஸ் நகர்ந்த பிறகு திரும்பிப் போய், ‘சாப்பிட்டீங்களா பாட்டி, அவர் என்ன சொன்னாருன்னு புரிஞ்சுதுங்களா’ என்று பக்கத்தில் நின்றிருக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இதுவே மீண்டும் மீண்டும் நடந்தால், அல்லது கை ஓங்குவது, சிகிச்சையை மறுப்பது என்ற அளவுக்குப் போனால், நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் தேதியோடு சொல்லுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். இன்னொன்றும் செய்யலாம். யூனிட்டில் யாரைப் போல ஆக வேண்டும் என்பதோடு, யாரைப் போல ஆகக் கூடாது என்பதையும் மனத்துக்குள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த யூனிட்டிலேயே கவனித்துப் பார்த்தால், படுக்கையில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு நோயாளியின் கண் மட்டத்தில் பேசும் ஓர் ஏ.பி.யோ, இருபது ஆண்டுகளாக அந்த வார்டைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிஸ்டரோ கட்டாயம் இருப்பார். பின்பற்ற வேண்டியவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

குணம் மாறுகிறதா என்று கேட்டீர்கள். மாறத்தான் செய்யும். ரத்தத்தைப் பார்த்துத் தலைசுற்றிய பெண் இப்போது காயத்துக்குத் தையல் போடுவதை நிதானமாக நின்று பார்க்கிறார் என்றால் அது இழப்பு அல்ல; அந்த நிதானம் இல்லாதவர் காஷுவால்டியில் யாருக்கும் பயன்படமாட்டார். நிதானத்துக்கும் அக்கறையின்மைக்கும் உள்ள வேறுபாட்டை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம், ஆனால் உங்களுக்கே தெரிய ஒரு வழி உண்டு: வேலை முடிந்த பிறகு அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வருகிறதா, பெட் நம்பர் மட்டும்தான் வருகிறதா என்று பாருங்கள். பல வாரங்களாக எண் மட்டுமே வருகிறது, தூக்கம் கெட்டிருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது குணக்கேடு அல்ல, களைப்போ மனச்சோர்வோ ஆக இருக்கலாம். உதவி தேட வேண்டிய நிலை அது. உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழியில்கூட, மருத்துவர் தம் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் கவனித்துக்கொள்வார் என்ற வரி 2017 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. கல்லூரியின் மனநலத் துறைக்குப் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அம்மா சொன்னதையும் சற்றுக் கவனியுங்கள். விடுமுறையில் போய் ‘போஸ்டிங்’, ‘வைவா’, ‘பிரிலிம்ஸ்’ என்று அவருக்குப் பழக்கமில்லாத உலகத்தைப் பற்றியே பேசினால் அவருக்கு அப்படித்தான் தோன்றும். வார்டில் பார்த்ததை அவருக்குப் புரியும்படி சொல்லிப் பாருங்கள்; நோயாளியிடம் நோயை எளிய சொல்லில் விளக்குவதற்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் பெயரையும் ஊரையும் தெருவையும் சொல்லாதீர்கள். சொந்த மாவட்டத்திலேயே படிப்பதால், நீங்கள் விவரித்த ஆள் அம்மாவுக்குத் தெரிந்தவராகவே இருக்கலாம். அடையாளம் தெரிந்து அவர் யாரென்று கேட்டாலும் ‘அதைச் சொல்லக் கூடாதும்மா’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.